விண்டோஸ் 11-க்குள் ஏன் 10.0 இருக்கிறது? இயங்குதளப் பதிப்பு எண்கள் இடப்படும் விதம்

தக்கலைப் பக்கம் இ-சேவை மையம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். அவருக்குக் கணினி விற்றவர் விண்டோஸ் 11 என்று சொல்லித்தான் கொடுத்தார். திரையும் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் கைரேகைக் கருவியின் டிரைவரை நிறுவியபோது வந்த தகவல் பெட்டியில் ‘விண்டோஸ் 10 ப்ரோ’ என்று இருந்தது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘வெர்’ என்று அடித்தால் 10.0 என்று தொடங்கும் நீளமான எண் வருகிறது. பழையதையே பெயர் மாற்றித் தலையில் கட்டிவிட்டார்களோ என்பது அவருடைய ஐயம். கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: அக்காள் மகளுடைய ஐபோன் 18-இலிருந்து ஒரே தாவலில் 26-க்குப் போனது எப்படி, எல்லை தாண்டிப் பாறசாலையில் படிக்கும் மகனுடைய பள்ளி லேப்டாப்பில் உள்ள லினக்ஸ் ‘22.04’ என்று காட்டுவதால், அது விண்டோஸ் 11-ஐப் போல இரண்டு மடங்கு புதியது என்று கொள்ளலாமா.

உங்களை யாரும் ஏமாற்றவில்லை, தம்பி. விண்டோஸ் 11 தன்னை உள்ளுக்குள் 10.0 என்றுதான் அழைத்துக்கொள்கிறது. உலகம் முழுவதும் உள்ள எல்லா விண்டோஸ் 11 கணினிகளிலும் அப்படித்தான். இதன் காரணம் புரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பதிப்பு எண் எதையும் அளந்து பார்த்து இடப்படுவதன்று. ஒரே இயங்குதளத்துக்குப் பெரும்பாலும் இரண்டு எண்கள் உண்டு: ஒன்று வாங்குபவர் கண்ணில் பட வேண்டிய எண், மற்றொன்று அந்த இயங்குதளத்தின் மேல் ஓடும் நிரல்கள் ‘நீ எந்தப் பதிப்பு?’ என்று கேட்கும்போது விடையாகத் தரப்படும் எண். முதல் எண்ணை விற்பனைப் பிரிவினர் முடிவு செய்கிறார்கள். இரண்டாவதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால், பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதி விற்கப்பட்டு, இன்னும் எங்கோ ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் பழைய நிரல்கள்தான் முடிவு செய்கின்றன என்றே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பழைய நில ஆதாரங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1956 நவம்பர் 1-க்கு முன்பு மலையாள நாட்டோடு இருந்த பகுதி என்பதால், அவற்றில் கொல்லம் ஆண்டு 1100 என்று இருக்கும். ஆங்கிலக் கணக்கில் அது 1924-25. நிலமும் ஒன்றுதான், கிரயம் நடந்த நாளும் ஒன்றுதான். எந்த அலுவலகம் கேட்கிறது என்பதைப் பொறுத்து எந்த எண்ணைச் சொல்வது என்பது மட்டும் மாறும்.

விண்டோஸின் உள் எண்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். இன்று நாம் பயன்படுத்துவது 1993-இல் வெளியான விண்டோஸ் என்டி என்ற கிளையின் வழி வந்தது. அந்தக் கிளையின் முதல் பதிப்பே 3.1 என்று எண்ணிடப்பட்டது. அதற்கு முன் என்டி 1.0 என்றோ 2.0 என்றோ எதுவும் இருந்ததில்லை. அன்று கடைகளில் இருந்த சாதாரண விண்டோஸ் 3.1 என்ற எண்ணில் இருந்ததால், அதற்குக் குறைவான எண்ணோடு ஒரு புதிய சரக்கை வைக்க அவர்கள் விரும்பவில்லை. பிறகு 1996-இல் என்டி 4.0 வந்தது. அதற்கடுத்து 5.0 ஆக இருக்க வேண்டியது விண்டோஸ் 2000 என்ற பெயரில் வந்தது, எக்ஸ்பி 5.1, விஸ்டா 6.0. இதுவரை முறையாகத்தான் போயிற்று. 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது உள் எண் 7.0 ஆகியிருக்க வேண்டும், ஆனால் 6.1 ஆயிற்று. விண்டோஸ் 8-க்கு 6.2, 8.1-க்கு 6.3.

ஏன் என்று கேட்டால், ஒரு நிரலருடைய மேசையை எட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்பி காலத்தில் ஒருவர் ஒரு கணக்கு மென்பொருள் எழுதுகிறார் என்று வையுங்கள். 5.1-க்குக் குறைந்த விண்டோஸில் அது ஓடக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அதற்காக அவர் எழுதும் சோதனை: முதல் எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இரண்டாம் எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எக்ஸ்பியில் இது சரியாக வேலை செய்கிறது. அதே நிரலை 6.0 ஆன விஸ்டாவில் போட்டால் முதல் சோதனை தேறுகிறது, இரண்டாவதில் பூஜ்யம் ஒன்றைவிடக் குறைவு என்பதால் தோற்றுவிடுகிறது. ‘இந்த மென்பொருளுக்கு எக்ஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் தேவை’ என்ற செய்தியைக் காட்டிவிட்டு நிரல் மூடிக்கொள்கிறது. விஸ்டா எக்ஸ்பிக்குப் பிந்தையதுதானே என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் திட்டுவது கணக்கு மென்பொருள் எழுதியவரை அன்று, விண்டோஸைத்தான். 6.1 என்று வைத்தால் இந்தச் சோதனை இரண்டு பக்கமும் தேறிவிடும். அதோடு, விஸ்டாவில் ஓடப் பழகிய நிரல்கள் முதல் எண் மாறாததால் மிரளாமலும் இருக்கும். பழைய நிரல்கள் முறியாமல் இருக்கவே 6.1 என்று வைத்ததாக மைக்ரோசாஃப்டே வெளிப்படையாகச் சொன்னது.

இந்தப் பழக்கம் அதற்கும் முந்தையது. விண்டோஸ் 95-இன் உண்மையான எண் 4.0, ஆனால் பழைய 16 பிட் நிரல்கள் கேட்டால் அது 3.95 என்று பதில் சொல்லும். 3.10 தேவை என்று அரைகுறையாகச் சோதிக்கும் நிரல்களுக்கு முன்னால் 4.0-இன் பூஜ்யம் நிற்காது, 95 நிற்கும். 8.1-இலிருந்து இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தான் புதிய விண்டோஸை அறிந்தவன் என்று ஒரு நிரல் தன் கோப்பிலேயே அறிவித்திருந்தால்தான் அதற்கு உண்மை எண் சொல்லப்படும். அறிவிக்காத நிரல் பழைய வழியில் கேட்டால் 6.2 என்றே பதில் வரும். ஆகவே உங்கள் புத்தம் புதிய கணினியில் ஏதோ ஒரு பழைய மென்பொருள் ‘விண்டோஸ் 8’ என்று காட்டினாலும் பதற வேண்டாம்.

விண்டோஸ் 10-இன் முன்னோட்டப் பதிப்புகள் முதலில் 6.4 என்றே வந்தன. பிறகு ஒரேயடியாக 10.0 ஆக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப் பெயரும் உள் எண்ணும் ஒன்றாயின. 9 என்ற எண்ணை ஏன் தாண்டினார்கள் என்பதற்கு ஒரு கதை உலவுகிறது: ‘விண்டோஸ் 9’ என்று தொடங்கும் பெயரைக் கண்டால் 95 அல்லது 98 என்று எண்ணிக்கொள்ளும் நிரல்கள் நிறைய இருந்தனவாம். அப்படி எழுதப்பட்ட நிரல்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதுதான் காரணம் என்று நிறுவனம் உறுதிப்படுத்தியதில்லை. எனக்கு இது விற்பனைப் பிரிவின் முடிவாகத்தான் படுகிறது. எப்படியோ, 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது பழைய பயம் மறுபடி வந்து, 10.0 அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது. பதிவகம் என்று சொல்லப்படும் ரெஜிஸ்ட்ரியில் பொருளின் பெயரைக் குறிக்கும் இடத்தில்கூட விண்டோஸ் 11 கணினிகளில் ‘விண்டோஸ் 10’ என்றே எழுதியிருக்கும். உங்கள் கைரேகைக் கருவியின் நிறுவல் மென்பொருள் அங்கேதான் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் 10-ஐயும் 11-ஐயும் பிரித்து அறிவது எப்படி? மூன்றாவதாக வரும் எண்ணைப் பாருங்கள். ‘வெர்’ கட்டளை 10.0.26100 என்று காட்டி, பிறகு ஒரு புள்ளி வைத்து இன்னோர் எண்ணையும் காட்டுகிறது என்று கொள்வோம். 10.0 என்பது உறைந்துபோன பகுதி. அதைக் கண்டுகொள்ள வேண்டாம். 26100 என்பது பில்ட் எண்: இயங்குதளத்தின் மூல நிரலை முழுதாகத் தொகுக்கும்போது இடப்படும் வரிசை எண், அது வழிநெடுக ஏறிக்கொண்டே வரும். 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேசைக் கணினியில் அது விண்டோஸ் 11. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 19045-இல் நின்றுவிட்டது. 26100 என்பது 24எச்2 என்று அழைக்கப்படும் பதிப்பு. கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளோடு கூடும் எண். இந்த நான்கில் உங்கள் தொழிலுக்கு உண்மையில் பயன்படுபவை பின்னிரண்டுமே.

அந்த 24எச்2 என்பது 2024-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதி என்று பொருள்படும். முன்பு ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 1607, 1809, 1903 என்று எழுதிவந்தார்கள். 2020-இன் முதல் பதிப்புக்கு அந்த முறைப்படி 2003 என்று வந்திருக்கும். ஆனால் விண்டோஸ் சர்வர் 2003 என்ற பழைய பொருளோடு குழம்பும் என்று 2004 என்று மாற்றினார்கள். மார்ச்சு, ஏப்ரல் என்பதில் அவர்களுக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பதிப்பிலேயே மாதத்தை விட்டுவிட்டு அரையாண்டுக்குப் போய்விட்டார்கள்.

பாறசாலைப் பள்ளி லேப்டாப்புக்கு வருகிறேன். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸ், உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் எண் நேர்மையான எண்; அதில் உயர்வும் இல்லை தாழ்வும் இல்லை. 22.04 என்றால் 2022 ஏப்ரல், 24.04 என்றால் 2024 ஏப்ரல். முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்ததால் 4.10. புள்ளிக்குப் பின் வருவது மாதம் என்பதால் பூஜ்யத்தை விட்டுவிட்டு 22.4 என்று எழுதுவது தவறு. 2006 ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பு இரண்டு மாதம் தாமதமானபோது எண்ணையும் 6.06 என்று மாற்றிக்கொண்டார்கள். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் பதிப்புகளுக்கு நெடுங்கால ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். எனவே உபுண்டுவில் பெரிய எண்ணைத் தேடிப் போகிறவர் 23.10 போன்ற ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்பது மாதத்துக்குள் ஆதரவின்றி நிற்க நேரும். எண் சிறியதாயிருந்தும் 22.04 நிலைத்து நிற்கும். தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் இதற்கு வேறு மாதிரி: மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அது டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது, ஆனால் அதன் எண் வரிசை தனி, டெபியனுடைய எண்ணோடு அதை ஒப்பிட முடியாது.

உபுண்டு, கைட், பாஸ் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் என்ற மையப் பகுதியின் எண் வரலாறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சற்று விரித்தே சொல்கிறேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் 0.01 என்று தொடங்கினார். 1992 ஜனவரியில் 0.12 வரை வந்தபோது வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அடுத்த பதிப்பை 0.95 என்று வைத்தார். 1.0 வருவதற்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எண்ணில் இடம் தீர்ந்துபோய், 0.99-க்கு மேல் போக முடியாமல், அதற்குள்ளேயே திருத்த எண்களைப் பதினைந்து வரை இட்டு நிரப்பிக்கொண்டு நின்றார். 1.0 வந்தது 1994 மார்ச்சில். அதன்பின் ஒரு விதி ஏற்பட்டது: இரண்டாம் எண் இரட்டைப்படை என்றால் மக்கள் பயன்படுத்தலாம், ஒற்றைப்படை என்றால் சோதனைக்குரியது. 2.4 பயன்பாட்டுக்கு, 2.5 சோதனைக்கு. நல்ல விதிதான், ஆனால் சோதனைப் பதிப்புகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததால், 2003 டிசம்பரில் 2.6 வந்தபின் அது கைவிடப்பட்டது. பின்னர் ஏழாண்டுக்கு மேல் 2.6 என்பது மாறாமல், மூன்றாம் எண் மட்டும் 39 வரை ஏறியது. 2011-இல் லினக்ஸுக்கு இருபது வயது நிறைந்ததைச் சாக்காக வைத்து 3.0 என்று மாற்றினார். அதில் பெரும் மாற்றம் எதுவும் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். 4.0-உம் 5.0-உம் அப்படியே வந்தன. 5.0 வெளியானபோது, எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் போதவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை என்று அவர் எழுதினார்.

மனிதர்களுக்கு இப்படி விளையாட்டாகச் சொல்லிவிடலாம். நிரல்களுக்குச் சொல்ல முடியாது. ‘2.6’ என்று தொடங்கினால்தான் லினக்ஸ் என்று எழுதப்பட்ட நிரல்கள் 3.0-ஐக் கண்டு தடுமாறின. ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் தொகுப்பு, தன்னிடம் இருந்த 3.0 கெர்னலை 2.6.40 என்று எண் மாற்றியே மக்களுக்கு அனுப்பியது. கெர்னலிலேயே அப்படி ஒரு வேடம் போடும் வசதியும் சேர்க்கப்பட்டது; கேட்கும் பழைய நிரலுக்கு 3.1 என்பது 2.6.41 ஆகத் தெரியும்.

2021 பிப்ரவரியில் வந்த சிக்கல் இன்னும் நுட்பமானது. கெர்னல் தன் மூன்று எண்களையும் ஒரே முழு எண்ணாக அடுக்கி வைக்கும் இடம் ஒன்று உண்டு; அதில் மூன்றாம் எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது எட்டு பிட். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். நெடுங்கால ஆதரவில் இருந்த 4.4 கெர்னலுக்குத் திருத்தம் மேல் திருத்தமாக வந்து 4.4.255-ஐ எட்டியது. அடுத்தது 4.4.256, அடுக்கினால் அந்த 256 பக்கத்து இடத்துக்கு வழிந்து, கணக்கில் 4.5.0 ஆகிவிடும். இல்லாத வசதிகள் இருப்பதாக எண்ணி நிரல்கள் தவறான பாதையில் போகும். கடைசியில் அந்தக் கணக்கில் மட்டும் மூன்றாம் எண்ணை 255-இலேயே நிறுத்திவிட்டு, பெயரில் மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள், 4.4 வரிசை 302 வரை சென்று ஓய்ந்தது.

கெர்னல் எண்ணைப் பார்த்துப் பாதுகாப்பை எடை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் கெர்னல் எண் 4.18 என்றே பல ஆண்டுகளாக நிற்கும். ஆனால் பிந்தைய பதிப்புகளில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னோக்கி எடுத்துவந்து அதில் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் 4.18 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் ‘சர்வர் பழையது, ஓட்டை நிறைந்தது’ என்று எழுதிவைப்பது இன்றும் நடக்கிறது. நிறுவனம் எந்தத் திருத்தத்தை எந்தத் தொகுப்பில் சேர்த்தது என்ற பட்டியலைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

விற்பனைக்காக எண்ணை உயர்த்துவது பெரிய நிறுவனங்களின் பழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். மற்ற லினக்ஸ் தொகுப்புகளின் எண்கள் ஆறு, ஏழு என்று போவதைக் கண்ட ஸ்லாக்வேர், 1999-இல் 4-இலிருந்து நேரே 7-க்குத் தாவியது. சன் நிறுவனத்தின் இயங்குதளமான சோலாரிஸில் 2.6-க்கு அடுத்தது சோலாரிஸ் 7, உள்ளே 5.6-க்கு அடுத்த 5.7 தான். டெபியனில் 1.0 என்ற பதிப்பே இல்லை. முடிக்கப்படாத ஒன்றைக் குறுந்தகடு விற்ற ஒரு நிறுவனம் 1.0 என்று தவறாக அச்சிட்டு விற்றுவிட்டதால், குழப்பத்தைத் தவிர்க்க 1.1 என்று வெளியிட்டார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் ஒன்றுதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 0.1 கூட்டுவது, 6.9-க்குப் பின் 7.0 என்று அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆப்பிளின் கதை சுருக்கமானது. 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0 வந்தது, பத்து என்பதைத் தொடாமல் 10.15 வரை போனார்கள். புள்ளியைத் தசமப் புள்ளி என்று கொண்டவர்களுக்கு 10.9-ஐவிட 10.10 சிறியதாகத் தெரிந்தது. பதிப்பு எண்ணில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடைப்பட்டதைத் தனி முழு எண்ணாகவே படிக்க வேண்டும். 2020-இல் 11 ஆக மாறியபோது, பழைய நிரல்களுக்கு 10.16 என்று பதில் சொல்லும் ஏற்பாட்டையும் கூடவே செய்தார்கள். 2025-இல் ஐபோனுக்கு 18, மேக்குக்கு 15, கைக்கடிகாரத்துக்கு 11 என்று ஆளுக்கொரு எண்ணாகக் கிடந்ததை ஒழித்து, எல்லாவற்றுக்கும் 26 என்று வைத்தார்கள். அது 2026-ஐக் குறிக்கும்; கார் நிறுவனங்கள் வரும் ஆண்டின் பெயரில் இந்த ஆண்டே வண்டியை வெளியிடும் வழக்கம் போல. இடையில் ஏழு பதிப்புகள் விட்டுப்போகவில்லை என்று அக்காள் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்கவில்லை என்றாலும் ஆண்ட்ராய்டைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அங்கே மூன்று எண்கள். போன் நிறுவனம் ஆண்ட்ராய்டின் மேல் தான் பூசும் திரைத் தோற்றத்துக்கு இடும் எண் ஒன்று. சாம்சங்கின் ஒன் யூஐ 6 என்பது அடியில் ஆண்ட்ராய்டு 14. இரண்டாவது, செயலிகள் பார்க்கும் ஏபிஐ நிலை: ஆண்ட்ராய்டு 5.0-க்கு 21, 10-க்கு 29, 14-க்கு 34, 15-க்கு 35. இந்த எண்ணில் தாவலோ அலங்காரமோ இல்லை. ஒரு செயலி உங்கள் போனில் ஏறுமா என்பதை இதுவே தீர்மானிக்கிறது. இது இருபுறமும் வெட்டும்: ஆண்ட்ராய்டு 14, 23-க்குக் குறைந்த நிலையை இலக்காகக் கொண்டு எழுதப்பட்ட செயலிகளை நிறுவவே விடாது, பழைய நிலையைச் சொல்லிக்கொண்டு புதிய அனுமதிக் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்கும் தீய செயலிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

மூன்றாவது, எண்ணாக இல்லாமல் தேதியாக இருக்கும் பாதுகாப்பு பேட்ச் நிலை. மார்த்தாண்டத்தில் பழைய போன் வாங்கப் போகிறவர்கள் ‘ஆண்ட்ராய்டு எத்தனை?’ என்றுதான் கடைக்காரரிடம் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டு 13 இருந்து பேட்ச் இரண்டு ஆண்டுக்கு முன் நின்றுபோன போனைவிட, ஆண்ட்ராய்டு 12 இருந்து சென்ற சில மாதங்களுக்குள் பேட்ச் வந்த போனில் வங்கிச் செயலி வைத்துக்கொள்வதே பத்திரம். செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் அந்தத் தேதி தெரியும். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.